மிதிவண்டி பற்றி ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் தேடுவோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வைப் பற்றி நம் கல்லூரியில் அறியாதவர் இன்று குறைவு. அதில் பேச்சுத் தேர்வு என்றொரு பகுதி உண்டு. 11 முதல் 14 நிமிடம். எதிரே தேர்வாளர் ஒருவர். பேச்சு முழுவதும் பதிவாகும். கேள்விகளோ மிகச் சாதாரணமானவை. மிதிவண்டி ஓட்டுவீர்களா? சிறு வயதில் சொந்தமாக வைத்திருந்தீர்களா? உங்கள் ஊரில் மக்கள் ஓட்டுகிறார்களா? கண்ணமங்கலத்து டீக்கடையில் இதைத் தமிழில் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். ஆங்கிலத்தில் கேட்டால்தான் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது!

முதல் இடறல் "பைக்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலேயருக்கு அது பெரும்பாலும் மிதிவண்டி. நமக்கோ மோட்டார் சைக்கிள். எங்களுக்குள் பழகிப் பார்த்தபோது தோழி ஒருத்தி, "என்னிடம் இல்லை, பெட்ரோல் விலை அதிகம்" என்று விடை சொன்னாள்.

இத்தகைய தொல்லைகளுக்காகவே ஆயத்த விடைகள் கைக்குக் கை மாறுகின்றன. அவற்றில் வரும் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக அப்பா சிவப்பு மிதிவண்டி வாங்கித் தருகிறார். ஞாயிறுதோறும் அது பூங்காவைச் சுற்றி வருகிறது. மிதிவண்டி சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விடை முடிகிறது. அழகான விடைதான். ஆனால் அந்தப் பிள்ளை யார்?

எங்களுடையது கண்ணமங்கலத்தை அடுத்த சிற்றூர்; மேற்கே ஜவ்வாது மலை தெரியும். என் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். படிப்பு வராமல் அன்று. உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பெண் சைக்கிளில் போனால் தெருவே நின்று பார்க்கும் காலம் அது. எனக்குப் பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் மற்றவர்க்கும் விரிந்த திட்டம் அது. வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்து மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

"எனக்கு முதல் சைக்கிள் பதினாறு வயதில் கிடைத்தது. அரசு கொடுத்தது. என் அம்மாவுக்கு ஒருபோதும் இருந்ததில்லை." என் விடை இந்த மூன்று சிறு வாக்கியங்கள்தாம். ஆங்கிலத்தில் இறந்தகாலம் பிசகாமல் வந்தால் போதும்.

மதிப்பெண் முறையும் இதற்கு இடம் தருகிறது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம பங்கு. சொல் தெரியாத இடத்தில் வேறு சொற்களால் விளக்கிச் சொல்வதும் சொல்வளத்தில் சேரும். குரங்குப் பெடலுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? நாங்கள் தேடவில்லை. "இருக்கை எட்டாத சிறுவன் நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்து மிதிப்பது" என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினோம்.

கடைசிப் பகுதியில் கேள்வி சற்றுப் பெரிதாகும். மிதிவண்டியை அரசு ஊக்குவிக்க வேண்டுமா? தனிப்பாதை போட வேண்டும் என்பது ஆயத்த விடை. நமக்கு அதைவிடச் சொல்ல இருக்கிறது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. கல்குவாரித் தொழிலாளர் முதல் ஆசிரியை வரை பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். பெண்கள் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியை எடுத்தார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டித் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினர் என்று கண்டனர். பள்ளிக்குத் தொலைவான ஊர்களில்தான் பலன் அதிகம். அம்மாவின் ஐந்து கிலோமீட்டர் எனக்கு நினைவுக்கு வந்தது.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம், மாலை வகுப்பு முடிந்தபின், ஓர் அறையைத் திறந்து வைத்து எங்களை ஆங்கிலத்தில் பேசவிடுங்கள். பிழை திருத்துவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கினால் போதும். முதல் வாரத்துக்குப் பஞ்சர், செயின் கழன்றது, மழையில் பிரேக் பிடிக்காதது என்று நாங்களே தலைப்புகள் கொண்டு வருகிறோம்.