அமர்னாவின் நீலத் தாயத்துகள்

எகிப்தில் மல்லாவி ஊரைத் தாண்டி நைல் கரைக்கு வந்தால், வண்டிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு படகு அக்கரை போகிறது. அங்கே பேரீச்ச மரங்கள், ஒரு கிராமம், அதற்கப்பால் வெறும் மணல். கி.மு. 1350 வாக்கில் அரசன் அகெனாட்டன் தலைநகர் எழுப்பிய அமர்னா இதுதான். வருகிறவர்கள் நேரே மலைக் கல்லறைகளுக்குப் போகிறார்கள். எனக்கு வீடுகள் இருந்த பக்கம்தான் போகவேண்டியிருந்தது.

காரணம், லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் பார்த்த, தாயத்து செய்யும் சுட்ட களிமண் அச்சுகள். தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-92இல் இங்கே தோண்டியபோது ஆயிரக்கணக்கில் கிடைத்தவை. பல அச்சுகள் மிகச் சிறியவை. அவற்றில் அழுத்தியது களிமண் அல்ல. பொடித்த படிகக்கல்லும் கொஞ்சம் சுண்ணாம்பும், நேட்ரான் உப்போ செடிச் சாம்பலோ, நிறத்துக்குச் செம்பும் சேர்த்துப் பிசைந்த கலவை. கையால் உருவம் பிடிக்க அது இணங்காது, விண்டுபோகும். அதனால்தான் அச்சு. காயும்போது ஈரச் சுவரில் பூப்பதுபோல் உப்பு மேலே பூக்கும். 800 முதல் 1,000 டிகிரிச் சூட்டில் அந்தப் பூப்பே உருகிக் கண்ணாடித் தோலாகிவிடும். வெளியே வருவது மயில்கழுத்து நீலம்! தனியாக மெருகு பூச வேண்டியதில்லை. அந்த வேலைக்காரர்களின் அறிவை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

அச்சில் இருந்த உருவங்கள்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தன. ஆமூன் தெய்வத்தின் பெயரைக் கற்களிலிருந்து செதுக்கி அழிக்கச் சொன்ன அரசனின் ஊர் இது. ஆத்தன் என்ற சூரியவட்டம் மட்டுமே அவன் வணங்கியது. அவன் ஊரிலேயே வளைந்த காலும் நீட்டிய நாக்குமாகக் குள்ளத் தெய்வம் பெஸ், நிமிர்ந்து நிற்கும் கர்ப்பிணி நீர்யானை தவெரெட், ஹோரஸ் தெய்வத்தின் கண் எல்லாம் வார்த்திருக்கிறார்கள். பெஸும் தவெரெட்டும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்கும் காவல்.

அமர்னாச் சிற்பங்களில் ஆத்தனின் கதிர்கள் கைகளாக நீண்டு உயிர்ச்சின்னத்தை நீட்டுகின்றன, அரசனுக்கும் அரசிக்கும் மட்டும். மண்வீட்டில் பிரசவ வலியில் கிடந்தவளுக்கு அந்தக் கை எட்டவில்லை. அவள் கழுத்தில் நூலில் கோத்த பெஸ்ஸை யாரோ கட்டிவிட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இடிந்த சுவர்களுக்கிடையே நடந்தபோது எனக்கு அரசன் நினைவே வரவில்லை, அவள்தான் வந்தாள்.

பின்னால் வந்த அரசன் துட்டன்காமூன் காலத்தில் அரசவை இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. ஆத்தன் கோயில்களின் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. ஆனால் பெஸ் தாயத்துகளை எகிப்தியர் ரோமர் ஆட்சிக் காலத்திலும் செய்துகொண்டிருந்தார்கள்.