அரைஞாண் கயிறு சொல்லும் செய்தி

செருக்குற்றவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று ஏசும் நாம், தொந்தியை மட்டும் ஒருபோதும் ஏசியதில்லை. 'மாப்பிள்ளைக்குச் சற்றே வயிறு போட்டிருக்கிறது' என்று மகிழ்ந்துரைக்கும் பெரியவர்களிடையே வளர்ந்தவர்கள் நாம். வயிறு செழிப்பின் அடையாளம் என்றே எண்ணியிருந்தோம்.

எம் தந்தையார் மெலிந்த மேனியர். கைகால்கள் குச்சி போன்றவை. வயிறு மட்டும் சற்றே முன்தள்ளி நிற்கும். ஐம்பது வயதுக்குள் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அவரைப் பற்றியபோது, 'இந்த ஒல்லியான உடம்புக்கா?' என ஊரார் வியந்தனர். அவ்வியப்பு நம்முள்ளும் நெடுநாள் தங்கியிருந்தது.

கொழுப்பு எவ்வளவு என்பதினும் எங்கே என்பதே பெரிது. பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே, இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பைவிட உடலின் மேற்பகுதியில் சேரும் கொழுப்பே தீங்கு மிக்கது என எடுத்துரைத்தார். தோலின் அடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் களஞ்சியத்து நெல்லைப்போல் அடங்கிக் கிடக்கிறது. குடலைச் சூழ்ந்த உள்ளுறுப்புக் கொழுப்போ ஓயாது செயற்படுவது. அது வெளிவிடும் கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியே நேராகக் கல்லீரலை அடைகின்றன. அதனால் கல்லீரல் இன்சுலினின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது குறைகிறது என்பர் மருத்துவர்.

இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு ஆகியவற்றின் ஏற்றமும், நன்மை தரும் எச்.டி.எல். கொழுப்பின் குறைவும் கூடி வருவதை 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் ஒரு தொகுப்பாகச் சுட்டினார். இன்று இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து, இவ்வைந்தில் மூன்று இருப்பின் 'வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு' என்கின்றனர். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் அதுவே வாயில்.

ஒல்லியான உடம்பின் புதிருக்கும் விடை உண்டு. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் படங்களையே அருகருகே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2! தராசு மறைத்ததை உடலுள் நோக்கிய கருவி காட்டிவிட்டது. இதனாலன்றோ 2005இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, ஐரோப்பிய ஆடவர்க்கு 94 செ.மீ. என்று வைத்த இடுப்பளவின் எல்லையைத் தென்னாசிய ஆடவர்க்கு 90 என்று குறைத்தது, பெண்டிர்க்கு 80.

அஞ்சவேண்டியதில்லை. உள்ளே புகுந்த இக்கொழுப்பு விரைந்து கரையவும் வல்லது. நாள்தோறும் விரைந்து நடப்பவர்க்கு, எடை அதிகம் குறையாதபோதும் அது குறைவதுண்டு. தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டுவதும் துணைசெய்யும்.

பிள்ளைப் பருவத்தில் அன்னையர் நம் இடையில் கட்டிய அரைஞாண் கயிற்றை எண்ணிப் பார்ப்போம். அதைவிட எளிய அளவுகோல் நமக்கு வேண்டுமோ? அது இறுகும்போது வளம் பெருகுகிறது என மகிழாமல், ஒருகணம் நின்று சிந்திப்போம்.