மூன்று வாட் வெளிச்சம்

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆடி மாதம் என்றால் கச்சான் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆனால் பகல் வெயில் ஆளைச் சுருட்டிவிடும்; ராத்திரியில்தான் சைக்கிள் மிதிக்க வேண்டும். வேம்பார், சாயல்குடி தாண்டிவிட்டால் இருபுறமும் பனையும் உடைமரமும்தான். தெருவிளக்கெல்லாம் ஊருக்குள் மட்டும்.

இந்தச் சாலைக்கு விளக்கு வாங்கப் போனால் கடைக்காரர் லூமென் கணக்கில்தான் ஆரம்பிப்பார். லூமென் என்பது விளக்கு கக்கும் மொத்த ஒளி. அதில் தார்ச்சாலையில் விழுவது எவ்வளவு, பனை உச்சிக்குப் போவது எவ்வளவு என்று அது சொல்லாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம். 30 மீட்டரில் படுத்திருக்கும் ஆட்டை விளக்கு காட்டினால் ஐந்து நொடி கிடைக்கும். பிரேக் பிடிக்க அது தாராளம்.

விடியும்வரை எரியுமா என்பதுதான் பெரிய கேள்வி. 18650 வகை லித்தியம் செல் ஒன்றில் சுமார் 11 வாட்‑மணி மின்சாரம் இருக்கும். 3 வாட்டில் எரித்தால் மூன்றரை மணி நேரம், ஒரு வாட்டில் பத்து மணி நேரம். அட்டைப்பெட்டியில் ஆயிரம் லூமென், பத்து மணி நேரம் என்று அடுத்தடுத்து அச்சடித்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 600 கிலோமீட்டர் பிரெவே (நெடுந்தூர சைக்கிள்) ஓட்டத்துக்குக் கெடு 40 மணி நேரம். அப்படிப்பட்ட தூரத்துக்குச் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்குதான் என் தேர்வு. காசிருந்தால் சக்கரக் குடத்துக்குள் பொருத்தும் டைனமோ. டயரில் உரசி உயிரை வாங்கிய பழைய டைனமோவும் அதே 6 வோல்ட், 3 வாட்தான். எல்இடி வந்தபிறகுதான் அந்த 3 வாட்டுக்கு மரியாதை.

ஒருமுறை இந்தச் சாலையில் நான் வாலிநோக்கம் விலக்கில் திரும்பியபோது இன்னும் இருட்டு. வெயிலுக்கு முன்னே உப்பளத்தில் உப்பு வாரி முடிக்க ஆட்கள் அப்போதே கிளம்பிவிடுகிறார்கள். எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் காலை ஊன்றி நின்றார்.

“உங்க லைட்டு தேவல தம்பி, தரையப் பாக்குது. சில பேரு மூஞ்சிலயே அடிக்கிறானுவ.”

ஜெர்மனியில் இதற்குச் சட்டமே உண்டு: சைக்கிள் விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் பாயக்கூடாது. காரின் டிம் லைட் போல மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளி. இங்கே அப்படிப்பட்ட விளக்கைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

பெரியவர் வண்டியில் விளக்கே இல்லை. என் வண்டியின் பின்விளக்கை எட்டிப் பார்த்தார்.

“இந்தச் செவப்பு மட்டும் தனியா விப்பாங்களா?”

“ராமநாதபுரத்துலயே கிடைக்கும் அண்ணாச்சி. விலையும் கம்மிதான்.”

“பேட்டரி மாத்துறதா, சார்ஜ் போடுறதா?”