நாட்சம்பளம் கூடியது, நாட்கள் கூடினவா?



தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தால் டவுனில் எல்லோரும் ஒரு தொகையைத்தான் சொல்கிறோம். முன்பு ஆயிரம், பிறகு ஆயிரத்து எழுநூறு, இப்போது ஆயிரத்து எழுநூற்றைம்பது. ஆசிரியர்களாகிய நாங்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறோம். மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுந்தது?

சங்கப் போராட்டம் எங்களுக்கும் புதிதல்ல. 1997 முதல் இழுபட்ட அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலை 12இல் ஒன்லைன் வகுப்புகளிலிருந்து விலகினோம். ஒக்டோபர் 25இல்தான் பாடசாலைக்குத் திரும்பினோம். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மீதிக்காக 2024 ஜூன் 26இல் சுகவீன லீவு போட்டுக் கொழும்பில் கூடியவர்கள் மீது கண்ணீர்ப்புகை அடித்தார்கள். ஆனாலும் அந்த நூறு நாளும் எங்கள் சம்பளம் வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் அப்படியில்லை. பெரட்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை. 2018 டிசம்பரில் ஆயிரம் ரூபா கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்குப் போகாமல் இருந்தார்களே, அதன் விலை எங்கள் போராட்டத்தைவிடப் பெரியது.

அதற்குக் கிடைத்தது என்ன? 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30, மொத்தம் 730. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படை 700, விலைப்பங்கு 50, மொத்தம் 750. அடிப்படை கூடியதால் சேமலாப நிதிக்கு நன்மைதான். ஆனால் வருகைக்கும் உற்பத்திக்கும் இருந்த 200 ரூபா போய்விட்டது. ஒரு நாளைய மொத்தத்தில் கூடியது 20 ரூபா.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அந்த ஒப்பந்தம் சம்பளத்தை மட்டும் பேசியதல்ல. வேலை நாட்கள், பறிக்கவேண்டிய கிலோ எல்லாவற்றுக்கும் சங்கம் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தது. அது போனபின், கிலோவைக் கூட்டுகிறார்கள், எடை குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள், நாட்களைக் குறைக்கிறார்கள் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2024இல் 1,700 ரூபா என்று வந்த வர்த்தமானிக்கு ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபா சம்பளமும், அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபா வருகை ஊக்குவிப்பும் சேர்த்து 1,750 என்று முன்மொழிந்தார்கள்.

இனி எட்டாம் வகுப்புக் கணக்கு. 1,350 ரூபாப்படி 20 நாள் வேலை செய்தால் 27,000. 1,750 ரூபாப்படி 15 நாள் என்றால் 26,250. நாட்சம்பளம் 400 ரூபா கூடியும், வீட்டுக்கு வருவது 750 ரூபா குறைவு. யாரையும் வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் கொடுக்கவில்லை. ஆனால் இதுவும் ஆட்குறைப்புத்தான்.

இது தோட்டத்துப் பிரச்சினை, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துர நமக்குப் பக்கம். அன்றிலிருந்து இந்த மலையில் கொழுந்துதான் காசு. பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் நமது கடைவீதியில் கடன் கொப்பி குறையும். லயத்தில் காசு முடிந்தால் மாதக் கடைசியில் எங்கள் வரவு இடாப்பில் பிள்ளைகளின் வரவும் குறையும். பஸ்ஸுக்குக் காசில்லை என்பதை எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாது. "காய்ச்சல் சேர்" என்றுதான் சொல்லும்.

ஆகவே அடுத்த முறை ஓட்டுக் கேட்டோ சந்தா கேட்டோ வரும் தலைவர்களிடம், "எவ்வளவு வாங்கித் தருவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை நாள் வேலை, முழுப்பேருக்கு எத்தனை கிலோ, மழைக்காலத்தில் அந்தக் கிலோ குறையுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பழைய கொப்பியில் தினமும் மூன்று விடயம் எழுதுங்கள்: திகதி, பறித்த கிலோ, முழுப்பேரா அரைப்பேரா. எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மாத முடிவில் சம்பளச் சிட்டையோடு பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடம் விட்டபின் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறோம். சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கையில் கொண்டுபோக அந்தக் கொப்பியைவிட நல்ல சாட்சி வேறில்லை.