கேர்பியூ போட்டிருக்கு

‘அப்பிள்’ படிக்க முதலே எனக்குத் தெரிந்த இங்கிலீசுச் சொல் கேர்பியூ. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத எங்கட பெத்தாதான் அதைச் சொல்லித் தந்தவ. “கேர்பியூ போட்டிருக்கு மனே, படலைக்கு வெளிய கால் வைக்காத” என்பா. விடிந்ததும் பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டி, “கேர்பியூ எடுத்தாச்சாம் கா” என்று குரல் கொடுப்பா. பொழுதுபடப் போட்டு விடிய எடுக்கிற சாமான் எங்கள் வீட்டில் நுளம்பு வலை ஒன்றுதான். ஆகவே கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி உப்போடை வரைக்கும் பென்னாம்பெரிய வலையொன்றை யாரோ ஊருக்கு மேலால் இறக்கிக் கட்டுகிறார்கள் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அதற்குள் கிடக்கிற நாங்கள் நித்திரை கொள்கிற ஆட்களா, அகப்பட்ட நுளம்பா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு வந்த வருசங்கள் அவை. இருட்ட முதலே தோணிகள் கரையேறிவிடும். வாவிப் பக்கமிருந்து சேற்று மணம் வரும், அதற்குப் பின்னால் எந்த வீட்டிலோ கருவாடு சுடுகிற மணம். பூரணை இரவில் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுகிறதைக் கேட்ட கதையை மாமா சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் வரும், போய்க் கேட்கத்தான் வழியில்லையே. பெத்தா அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி, கைவிளக்கின் திரியைக் குறைத்துவிட்டு வந்து குந்துவா. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த பற்றரிகளைப் போட்டால் பிபிசி தமிழோசை முடியும்வரை ரேடியோ தாக்குப் பிடிக்கும். அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதத்துக்கு நீடிக்கப்பட்டது என்று மாதம் தவறாமல் ஒரு செய்தி வரும். எமர்ஜென்சி என்றால் கூப்பன் மாதிரி மாதாமாதம் புதுப்பிக்கிற ஒன்றாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேர்பியூ என்ற சொல்லுக்கு மூலம் பழைய பிரெஞ்சில் ‘நெருப்பை மூடு’ என்பது என்று வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். அங்கேயும் மணியடித்ததும் அடுப்பை மூடிவிட்டுப் படுத்தார்களாம். பெத்தா அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தத்தில்தான் வேலை செய்திருக்கிறா.

மறுகா, பின் ஒழுங்கையில் பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருவரிடம் இங்கிலீசு படிக்கப் போனேன். வெற்றிலைச் சாறு வாயில் ததும்பத் ததும்ப அன்றெஸ்ற், டிஸ்ரேபன்ஸ், அஜிற்றேசன் என்று சொல்லுவார், மொனிற்றேஸ் கொப்பியில் எழுதவேணும். “இதெல்லாம் ரெண்டு வீட்டுக்காரச் சொல்லு. ஒரு வீடு சந்தியில, மற்றது நெஞ்சுக்குள்ள.” தமிழில் மட்டும் என்ன? 1958இல் நடந்ததும் கலவரம், வேட்டுச் சத்தம் கேட்டு என்னை உள்ளே இழுத்த அம்மாவின் முகத்தில் இருந்ததும் கலவரம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் வேலைக்கு முன்நின்றவர் என்பதில் மாஸ்டருக்குச் சொந்தப் பிள்ளை பாஸான பெருமை. அடிகளின் சமாதியைக் கடந்துதான் நான் ரியூசனுக்குப் போவேன். றவுண்டப் என்ற சொல்லுக்கோ எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. ‘சுற்றிவளைப்பு’ என்று ஊரே சொல்லத் தொடங்கிவிட்டது.

கொப்பியைப் பார்த்துப் பெத்தா ஒருநாள் கேட்டா, “என்ன மனே எழுதுறாய்?” றெஸ்ற் என்றால் ஓய்வு, அன்றெஸ்ற் என்றால் ஓய்வில்லாதது என்று பெரிய மனிசன் மாதிரி விளக்கினேன். “அப்ப அது நான்தான்” என்று சட்டியைத் தேய்க்கப் போய்விட்டா.

என்னை அதிகம் குழப்பினது வேறொரு சோடி. வாவிக்கு இங்கால எழுவான்கரைப் பக்கம் ‘கிளியர்ட் ஏரியா’, அங்கால படுவான்கரை ‘அன்கிளியர்ட் ஏரியா’. டிக்சனறியில் கிளியர் என்றால் தெளிந்த என்று போட்டிருந்தது. கரையில் நின்று உற்றுப் பார்த்தேன், தண்ணி இரண்டு பக்கமும் ஒரே நிறம். படுவான்கரையிலிருந்து தயிர்ச்சட்டியோடு அத்தை வந்த அன்று ஆவலோடு கேட்டேன், “அத்த, உங்கட பக்கம் தண்ணி கலங்கலா?”

அவ வெயிலில் வரிசையில் நின்று களைத்து வந்தவ. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “மழைக்கு ஒள்ளுப்பம் கலங்கும் மனே, மறுகா தெளிஞ்சிரும்” என்றா.

சட்டியின் வாயில் கட்டியிருந்த கடதாசியை அவிழ்த்தோம். தயிரின் நட்டநடுவில், விரல் மொத்தத்தில் ஒரு துளை. வழியில் சோதிக்கிறபோது யாரோ கம்பியை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெத்தா ஒன்றும் பேசவில்லை. அந்தத் துளையைச் சுற்றி அகப்பையால் வட்டமாக வெட்டி எடுத்துக் கோழிக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஆடையோடு ஒரு துண்டை என் கோப்பையில் போட்டு, சீனி தேடக் குசினிக்குள் போனா.