மாந்தையில் ஒரு கராம்பு

காத்தான்குடியில் சுபஹ் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். பொலன்னறுவை, அனுராதபுரம் கடந்து, மன்னார்ப் பாலத்துக்கு முன்னே மாந்தையில் இறங்கியபோது லுஹர் நேரமாகிவிட்டது.

உரோமாபுரி முதல் சீனா வரை நீண்ட கடல்வழியின் நடுவே இருந்த பழைய துறைமுகம் இது என்று படித்திருந்தேன். தூண்களையும் மதில்களையும் கண்கள் தேடின. திருக்கேதீச்சரம் கோயிலைச் சுற்றி, லாட வடிவில் அகழிகளும் பற்றை மூடிய மண்மேடும்தான் இருந்தன.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்த?" என்றான் தம்பி.

வாசித்ததைச் சொன்னேன். 1980இல் இந்த மேட்டைத் தோண்டத் தொடங்கினார்கள். பாரசீக, சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. 1984இல் யுத்தத்தால் வேலை நின்றது. 2009, 2010இல் மீண்டும் தோண்டியபோது மிளகும், ஏறக்குறைய ஆயிரம் வருடப் பழைமையான ஒரு கராம்பும் கிடைத்தன. அந்தக் காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில்தான்.

"நாம நெய்ச்சோத்துக்குப் போடுற கராம்பா?" என்று கேட்ட உம்மா, சற்று நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். 1990இல், பத்தாம் வகுப்பில், உம்மாவின் படிப்பும் யுத்தத்தால்தான் நின்றது.

"இத்தனை வருசம் கழிச்சும் திரும்பத் தோண்டினாங்களா புள்ள?"

"ஓம் உம்மா."

வேறொன்றும் கேட்கவில்லை.

வீடு வந்த மறுநாள் இரவு, என் வரலாற்றுப் புத்தகத்தை உம்மா மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது இஷாவுக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே வாசிக்கிறோம்.