சக் கீ எங்கே இருக்கிறது?

ஐ.டி.ஐ பயிற்றுநர் தன் மாணவனைப் பார்க்கப் பட்டறைக்குப் போனால், உள்ளே நுழைந்ததும் மாணவனைத் தேடுவதில்லை. லேத்தின் சக்கைத்தான் பார்க்கிறார். ஜாபை இறுக்கிவிட்டுச் சக் கீயை, அதாவது சக்கின் சாவியை, சக்கிலேயே செருகி வைத்திருந்தால், தெரியாமல் யாராவது ஸ்விட்சைத் தட்டிய நொடியில் அது பறந்து எதிரே நிற்பவர் மேல் விழும். சக் கீ அதன் இடத்தில் இருக்கிறதா, சுற்றுகிற ஜாபுக்குப் பக்கத்தில் யாராவது கையுறையோடு நிற்கிறார்களா, சிப்ஸைக் கொக்கியால் இழுக்கிறார்களா வெறுங்கையாலா? இந்த மூன்றையும் பார்த்தால் மாணவன் அங்கே என்ன கற்றுக்கொள்வான் என்பது பாதி தெரிந்துவிடும். மீதியை முதலாளி வாங்கித் தரும் டீயைக் குடித்துக்கொண்டே விசாரிக்க வேண்டும்.

ஐ.டி.ஐ.களை நடத்தும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. 2022இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் 840 செய்முறை. இது போக, அருகிலுள்ள தொழிற்சாலையில் 150 மணி நேரம் வேலையிடப் பயிற்சி கட்டாயம். தொழிற்சாலை கிடைக்காத ஊரில் அதற்குப் பதிலாகக் குழுவாக ஒரு புராஜெக்ட். படிப்பு முடிந்தபின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி சேரும் அப்ரன்டிஸ் பயிற்சி வேறு, இது வேறு. பெற்றோர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். சில முதலாளிகளும்தான்.

எட்டு மணி நேர ஷிப்டாகக் கணக்குப் போட்டால் 150 மணி நேரம் என்பது முழுதாகப் பத்தொன்பது நாள்கூட இல்லை. அதற்குள் யாரும் டர்னர் ஆகிவிட முடியாது. ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பில் காட்டவே முடியாத சில விஷயங்களை அங்கே காட்டலாம். ஐ.டி.ஐ.யில் மாணவன் ஒரு சதுரக் கட்டையை நாள்கணக்கில் அரத்தால் ராவுகிறான். தப்பினால் இன்னொரு கட்டை கிடைக்கும். அதற்காக எந்த லாரியும் வாசலில் காத்திருக்காது.

கோவை கணபதிப் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் நடந்தது இது. மாணவன் 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டைக் கடைந்து முடித்ததும் மைக்ரோமீட்டரை வைத்தான். சைஸ் சரியாக வந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. மெஷினை அமைத்துக் கொடுக்கும் செட்டர் தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறட்டும் தம்பி, அப்புறம் வச்சுப் பாரு” என்றார். ஆறியதும் தண்டு அண்டர்சைஸ். எஃகு சூட்டில் பெருக்கும் என்பது தியரி வகுப்பில் நடத்திய பாடம்தான். இந்தத் தண்டு முப்பது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.017 மி.மீ. பெருக்கும். அளவில் 0.02க்கு மேல் தவறக் கூடாத ஜாபில் ஏறக்குறைய முழுச் சலுகையையும் அந்தச் சூடே தின்றுவிடுகிறது. தேர்வுத்தாளில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் அந்த மாணவன். ரிஜெக்ட் ஆன தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது அவனுக்குப் புரிந்தது.

இந்த மாதிரி செட்டர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. “சார், வந்ததுலேருந்து பர்தானுங்க எடுத்துட்டிருக்கேன்” என்று போனில் குறைப்படும் மாணவர்கள் உண்டு. பர் எடுப்பது, அதாவது ஜாபின் விளிம்பில் நிற்கும் பிசிறை ராவுவது, தேவையான வேலைதான். முதல் இரண்டு நாளைக்கு நல்ல பயிற்சியும்கூட. மூன்றாவது வாரமும் அதுவே என்றால் அது பயிற்சி இல்லை, கூலி கொடுக்காத வேலை. இதில் முதலாளியை மட்டும் திட்டிப் பயனில்லை. டெலிவரி தேதி நெருக்குகிறது. புதுப் பையன் ஒரு இன்செர்ட்டை உடைத்தாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

அனுபவப்பட்ட பயிற்றுநர் முதலாளியிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. உற்பத்தியில் இல்லாத பழைய மெஷின் ஒன்று, ஸ்கிராப்பில் கிடக்கும் துண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். இவற்றைவிட முக்கியமான கேள்வி: “பையனை யார்கிட்ட விடறீங்க?” ஓர் ஆளின் பெயர் பதிலாக வந்தால் தைரியமாக அனுப்பலாம். “எல்லாரும் பாத்துக்குவாங்க சார்” என்று வந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம். பிளேஸ்மென்ட் அட்டவணையில் நிறுவனத்தின் பெயருக்குக் கட்டம் இருக்கிறது. அந்த ஆளின் பெயருக்கு இல்லை. பயிற்றுநர் அதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார்.

பக்கத்தில் ஆள் இருந்தாரா என்பதை மாணவனின் லாக் புக்கும் காட்டிக்கொடுக்கும். “இன்று டர்னிங் செய்தேன்” என்று ஒரே வரி பக்கம் பக்கமாக இருந்தால் மாலையில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது. “12 மி.மீ. ட்ரில்லை மைல்டு ஸ்டீலில் 1,400 ஆர்.பி.எம்மில் ஓட்டினேன், நுனி கருகிவிட்டது, அண்ணன் 650க்குக் குறைத்தார்” என்று இருந்தால் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றிருக்கிறார்.

தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் சேர ஆண்களுக்கு 40 வயதுவரை வாய்ப்பு. பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. அதனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மாரும், பத்து வருஷம் விசைத்தறி ஓட்டிவிட்டு வருபவரும் அதே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்தப் பெண்களை அனுப்புமுன் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல. பூட்டக்கூடிய கழிப்பறை இருக்கிறதா, ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் உண்டா என்பதை. பல நல்ல பட்டறைகள் முதல் கேள்வியிலேயே அடிபட்டுப் போகின்றன. விசைத்தறிக்காரருக்கு வேறு சங்கடம்: இருபத்திரண்டு வயதுச் செட்டர் சொல்லி இவர் கேட்க வேண்டும். அவர் இவரை “அண்ணா” என்றும் இவர் அவரைத் “தம்பி” என்றும் கூப்பிட ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். இப்படி வருபவர்கள் ஏன், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதலாளிகளுக்கு அது பிடித்துவிடுகிறது.

படிப்பையும் பட்டறையையும் சேர்ப்பது கோவைக்குப் புதிதல்ல. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் 1926இல் வந்தது. உற்பத்தியும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் நடந்தன. பின்னாளில் பாலிடெக்னிக்குகளில் வந்த மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோவில் தொழிற்சாலைக் காலம் படிப்பின் நடுவிலேயே ஒருமுறை வந்துவிடும். அங்கே போய்த் திரும்பியவன் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறு. ஐ.டி.ஐ.யில் இந்த 150 மணி நேரத்தை ஆண்டுக் கடைசிக்குத் தள்ளினால் அந்தக் கேள்விகளைக் கேட்க இடமே இல்லாமல் போகிறது. பரீட்சை வந்துவிடும்.

71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தமிழக அரசு மேம்படுத்தியதிலிருந்து இன்னொரு வேடிக்கை. ரோபோவையும் புது சி.என்.சி.யையும் தொட்டுவிட்டுப் போகும் மாணவன் சின்னப் பட்டறையின் பழைய லேத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான். அந்த லேத்தில் காதால் சத்தம் கேட்டே டூல் மழுங்கியதைச் சொல்லும் ஆளைப் பற்றி அவனிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

சரியில்லாத இடத்திலிருந்து மாணவனைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். அழைத்தால் அந்த முதலாளி அடுத்த ஆண்டு கதவைத் திறக்கமாட்டார். பஸ் போகும் தூரத்தில் இருக்கும் பட்டறைகளோ கொஞ்சம்தான். அதனால் பயிற்றுநர்கள் பலர் உறவை முறிப்பதில்லை. ஓரத்தில் எழுதிய பென்சில் பெயரைப் பார்க்கிறார்கள். அந்தச் செட்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று தெரிந்தால், நான்கு பேரை அனுப்பிய பட்டறைக்கு அடுத்த பேட்ச்சில் ஒருவரை அனுப்புகிறார்கள். செட்டர் போன கம்பெனி எது என்றும் விசாரிக்கிறார்கள்.